ஸ்தனிஸ்லாஸ் சாரின் தலையில் ஏறிய கிரீடம்

பேகம்பூர் மீரானின் மகள் பத்து வயதில் செய்த ஒரு காகிதக் கிரீடம், ஒரு தலைமை ஆசிரியரின் தலையில் ஏறி உட்கார்ந்து, திண்டுக்கல்லின் முந்நூறு நாய்களை அவருக்குப் பின்னால் ஊர்வலமாக நடத்திப் போய், கடைசியில் அவருடைய தலைமுடி மொத்தத்தையும் கூட்டிக்கொண்டுதான் கீழே இறங்கியது.

இதை மீரான் டீக்கடையில் சொல்வார். தோல் ஷாப்பில் ஆட்டுத்தோலைச் சுரண்டிக்கொண்டே சொல்வார். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் சுருக்கமாகச் சொல்வார். நத்தத்திலிருந்து புளி மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவருக்கு, வழியில் மாடு மூத்திரம் பெய்ய நின்ற இடைவெளியில் முழுக் கதையையும் சொல்லி முடித்தார். வண்டிக்காரர் நம்பாவிட்டாலும் மாடு தலையை ஆட்டியது என்று பிற்பாடு அதையும் கதையில் சேர்த்துக்கொண்டார்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். நம்புவதா வேண்டாமா என்று யாரும் மெனக்கெடவில்லை. நம்பமாட்டேன், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று கறாராகச் சொன்னவர் ஊரிலேயே ஒரே ஒருவர்தான். அவர் ஸ்தனிஸ்லாஸ் சார். கதையில் வருகிற தலை அவருடையது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பங்குனி மாதம். மீரானின் மகள் உம்மு சல்மா ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அந்தத் தெருவில் பெண்பிள்ளைகளுக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஒரு வகுப்பு இருப்பதாகவே யாரும் கேள்விப்பட்டதில்லை. ஐந்து முடிந்தால் வீடு, வீட்டுக்கு அப்புறம் கல்யாணம், நடுவில் இருக்கிற ஏழெட்டு வருஷம் அடுப்புக்குப் பக்கத்தில். ஒரே ஒரு சந்து மட்டும் திறந்திருந்தது. சின்னாளபட்டிப் பக்கம் புதிதாக வந்திருந்த விடுதிப் பள்ளி ஒன்று, கைவேலையில் கெட்டிக்காரியான ஒரு பெண்ணுக்கு இலவச இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஆண்டு விழாவுக்கு வருகிற இன்ஸ்பெக்டர் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார். தலைமை ஆசிரியர் கடிதம் எழுதிக் கொடுப்பார். அவ்வளவுதான், சல்மா போய்விடலாம்.

அந்த வருஷம் ஸ்தனிஸ்லாஸ் சாருக்கு ஒரு புது யோசனை வந்திருந்தது. அவர் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அதன் மூடியில் வெள்ளைக்காரக் குழந்தைகள் தலையில் காகிதக் கிரீடத்தோடு ஒரு கேக்கைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருக்கும். அந்த மூடியைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கே எடுத்து வந்து தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

"இந்த வருசம் மாலை கிடையாது. வர்ற பெரியவுங்களுக்கு நம்ம புள்ளைக கையால ஆளுக்கொரு கிரீடம். டீ பார்ட்டி. இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே இருக்கணும்."

கேக்குக்குப் பதிலாக மட்டும் உளுந்து வடை என்று முடிவானது.

அட்டைக்குப் பழைய காலண்டர். கலருக்கு சினிமா நோட்டீஸ். தப்படித்துக்கொண்டு வருகிற நோட்டீஸ் வண்டிக்குப் பின்னால் பிள்ளைகள் ஓடி ரோஸ், மஞ்சள், பச்சை என்று அள்ளி வந்தார்கள். அந்தப் பங்குனியில் திண்டுக்கல்லில் எந்தக் கொட்டகையில் என்ன படம் என்று பெரியவர்கள் யாருக்குமே தெரியாமல் போய், கொட்டகைகள் காலியாக ஓடின. கிழித்த துண்டுகளை வளையமாக ஒட்டிச் சங்கிலி கோத்தார்கள். அதை நீட்டியிருந்தால் மலைக்கோட்டையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு மிச்சத்தில் ரயிலடி வரை வந்திருக்கலாம். நீட்ட முடியவில்லை, ஏனென்றால் பசை தீர்ந்துவிட்டது. டீச்சர் காய்ச்சி வைத்த மைதாப் பசையைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள். சூடாக ஒரு சட்டி நிறைய வைத்தால் என்ன செய்வார்கள். ஒருத்தன் உப்பு கேட்டானாம்.

"இனிமே பசை அவுங்கவுங்க வீட்டுலேர்ந்து" என்று சார் உத்தரவு போட்டார்.

மீரானுக்கு அன்று பெருநாள் வந்த மாதிரி இருந்தது. தோலில் சுரண்டிய சவ்வையும் ஓரத் துண்டுகளையும் போட்டுக் காய்ச்சினால் வஜ்ஜிரம். தச்சர்கள் நாற்காலிக் காலையே அதில்தான் ஒட்டுகிறார்கள். ஒரு தகர டப்பா நிறையக் காய்ச்சி வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

"மைதாவாம் மைதா. இத வச்சா மலைக்கோட்டையில பேந்த கல்லக்கூட ஒட்டிப்புடலாம்" என்றார் மகளிடம்.

"கெட்டியா இருக்கு, அத்தா. காயுமா?"

"பங்குனி வெயில்ல எதும்மா காயாது."

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோல் ஷாப்பை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்ட மட்டும்தான். சுண்ணாம்புத் தொட்டி, ஆவாரம்பட்டை, ஊறுகிற தோல் எல்லாம் சேர்ந்த காற்றில் பிறந்து, அதிலேயே தூங்கி, அதிலேயே சோறு தின்கிறவர்களுக்கு வாடை என்று தனியாக ஒன்று கிடையாது. அந்த டப்பாவைத் திறந்தபோது பழனி மலையில் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். மீரான் வீட்டில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

மீரானின் மனைவி குர்ஷித் பேகம் கூரையைப் பார்த்துவிட்டு, "ஏங்க, இம்புட்டுக் காக்கா வந்து உக்காந்திருக்கு. விருந்தாளி யாரும் வாராங்களோ?" என்றாள். தெருவின் பூனைகள் எல்லாம் வாசலில் வந்து படுத்திருந்ததையும் பார்த்தாள். சல்மாவுக்கு நல்ல காலம் பிறக்கப் போகிறது, வாயில்லா ஜீவன்களுக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்து, அவற்றுக்குக் கொஞ்சம் சோறும் வைத்தாள்.

சல்மா செய்த கிரீடம் நிஜமாகவே அழகு. அட்டையின் மேல் விளிம்பை மலை மலையாக வெட்டினாள். ஒவ்வொரு மலையின் உச்சியிலும் நோட்டீஸில் சுருட்டிய ஒரு ரோஜா. நெற்றிக்கு மேலே ஜிகினா. முன்பக்கம் மெல்லிய காகிதத்தை நூல் நூலாகக் கீறிக் குஞ்சமாகத் தொங்கவிட்டாள். தலையில் வைத்தால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பாதி முகம் மறையும். பசையை அட்டையின் ஓரங்களில் மட்டும் ஈர்க்குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்து, ஒரு சொட்டு வெளியே தெரியாமல் முடித்தாள்.

விழா அன்று காலை குர்ஷித் அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தபோது மீரான் கிரீடத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒல்லியாகத் தெரிந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையே இதில்தான் தொங்குகிறது, பாதி வழியில் பிரிந்துவிட்டால்? டப்பாவில் மிச்சமிருந்த வஜ்ஜிரத்தைச் சூடு பண்ணி, உள்பக்கம் தலை படுகிற இடம் முழுக்கத் தாராளமாக ஒரு பூச்சுப் பூசினார். மேலே ஒரு துண்டு நோட்டீஸை ஒட்டி மறைத்தார்.

இந்த இடத்தை மட்டும் அவர் எந்த டீக்கடையிலும் சொன்னதில்லை.

விழா தகரக் கொட்டகையில். உள்ளே நுழைந்தவர்கள் வேகாமல் வெளியே வந்தது அதிசயம். வடையை எண்ணெயில் போடாமல் தட்டிலேயே சுட்டிருக்கலாம். இன்ஸ்பெக்டர் உடையப்பன் மேசையில் வரிசையாக இருந்த கிரீடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, சல்மாவுடையதில் நின்றார்.

"இது யாரு பண்ணுனது?"

சல்மா ஒரு அடி முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் மீரான், வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நல்லாருக்கு. இந்தப் புள்ளைக்கே அந்த இடத்தக் குடுத்துருங்க ஹெட்மாஸ்டர். நாளைக்கு லெட்டர் எழுதி அனுப்புங்க, கையெழுத்துப் போடுறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். அப்புறம் மூக்கை உறிஞ்சினார். "என்ன சார், ஒரு மாதிரி வாடை?"

"தோல் ஷாப்புக் காத்து சார். இந்த நேரத்துக்கு அடிக்கும்" என்றார் ஸ்தனிஸ்லாஸ் சார். அவருக்கு அந்த வாடையும் தெரியாது, எந்த வாடையும் தெரியாது. இருபது வருஷமாக இரண்டு நாசியிலும் மூக்குப்பொடியை அடைத்து அந்தக் கடையை மூடி வைத்திருந்தார்.

"முதல் கிரீடம் உங்களுக்குத்தான்" என்று இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே அதை எடுத்து அவர் தலையில் வைத்து, செல்லமாக ஒரு அழுத்து அழுத்தினார்.

சாரின் தலைமுடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடு வகிடு எடுத்து, எண்ணெய் வைத்து, அலை அலையாக வாரிய முடி. அதில் ஒரு அலை கலைந்தால் பள்ளிக்கூடத்துக்கே அன்று அரை நாள் லீவு என்பார்கள். அந்த அலைகளின் மேல் கிரீடம் உட்கார்ந்தது. சார் ஆண்டறிக்கை வாசித்தார். அவருடைய ஆண்டறிக்கைகள் அந்தந்த ஆண்டைவிட நீளமானவை. வேர்வை வடிந்தது. உள்ளே வஜ்ஜிரம் இளகியது, மறைத்திருந்த நோட்டீஸை ஊறவைத்து முடிக்குள் இறங்கியது, வேரைத் தேடிப் பிடித்தது. சாயங்காலக் காற்று வந்து அத்தனையையும் இறுக்கிக் காயவைத்தது.

நன்றியுரைக்குக் கிரீடத்தைக் கழற்றப் பார்த்தார். தலைதான் சேர்ந்து வந்தது. பிரியமாக அணிந்திருப்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, அதோடேயே இன்ஸ்பெக்டரை பஸ் ஸ்டாண்டுக்கு வழியனுப்ப நடந்தார். மீரான் பத்தடி தள்ளிப் பின்னால் போனார். கிரீடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முதலில் தோல் ஷாப்பு மதிலுக்குப் பின்னாலிருந்து ஒரு செவலை நாய் வந்தது. தினமும் சவ்வு தின்று கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்த நாய். அது நின்று, மூக்கைத் தூக்கி, கிரீடத்தைப் பார்த்து வாலை ஆட்டியது. அதன் பின்னால் அதன் சொந்தபந்தங்கள். அதற்குப் பின்னால் சந்தைப்பேட்டை நாய்கள். தொப்பம்பட்டியிலிருந்து ஒரு நாய் பஸ் ஏறி வந்தது என்று மீரான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாய்கள் வந்தன. ஸ்தனிஸ்லாஸ் சார் வேகமாக நடந்தார். அவை வேகமாக நடந்தன. ஓடினார். இன்ஸ்பெக்டரும் ஓடினார். பழனி போக வேண்டியவர், புறப்பட்டுக்கொண்டிருந்த வத்தலக்குண்டு பஸ்ஸில் தாவி ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊருக்கு அப்புறம் வரவும் இல்லை. சித்திரை பிறப்பதற்குள் தஞ்சாவூர்ப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கடைத்தெருவில் இருந்தவர்கள் கிரீடமும் முகம் மறைக்கும் குஞ்சமுமாக ஒரு ஆள் பறப்பதைப் பார்த்தார்கள். கூத்தாடி என்று நினைத்து ஒருவர் காசுகூட வீசினார். அந்த ஆள் முடிதிருத்தும் பெரியகருப்பனின் கடைக்குள் புகுந்தார், பலகை சாத்தப்பட்டது, நாய்கள் வெளியே முறை போட்டு உட்கார்ந்தன. உள்ளே நடந்ததைப் பற்றிப் பெரியகருப்பன் சாகும்வரை வாய் திறக்கவில்லை. அவர் பையன் சாரின் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு.

மறுநாள் காலை ஸ்தனிஸ்லாஸ் சார் பளபளவென்று மொட்டைத் தலையோடு வந்தார். "வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை" என்றார். அவர் மனைவி ஆனந்தமேரி, "நேர்ச்சைன்னா அங்க போயில்ல மொட்ட போடணும்?" என்று கேட்டுவிட்டாராம். அதனால் மொட்டையைத் தூக்கிக்கொண்டு மொட்டைக்காகவே வேளாங்கண்ணி போய்வந்தார்.

அவர் திரும்பி வந்த அன்று மீரான் போய் நின்றார்.

"லெட்டர் சார்."

"எந்த லெட்டர்?"

"புள்ளைய விடுதிப் பள்ளிக்கூடத்துல சேக்க. கிரீடத்துக்கு இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னாகள்ல."

ஸ்தனிஸ்லாஸ் சார் மொட்டையைத் தடவினார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். கிரீடம் என்று எழுதினால் எந்தக் கிரீடம் என்று கேட்பார்கள். எந்தக் கிரீடம் என்று சொன்னால் அது எங்கே என்பார்கள். அது எங்கே என்றால், மொட்டை.

"எந்தக் கிரீடம்?" என்றார்.

"சார், உங்க தலையில..."

"என் தலையில மாதாவோட நேர்ச்சைதான் இருக்கு பாய். வேற ஒண்ணும் ஏறல." மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்துக் கொடுத்தார். "மந்திரிச்ச எண்ணெய். தலவலிக்குத் தடவுங்க."

மீரான் புட்டியோடு வீட்டுக்கு வந்தார். ஜூனில் பள்ளிக்கூடங்கள் திறந்தன. சல்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்புறம்தான் மீரான் கதை சொல்ல ஆரம்பித்தார். முதலில் ஏழெட்டு நாய்கள்தான். யாரும் கண்டுகொள்ளவில்லை. இருபதாக்கினார், கொஞ்சம் திரும்பிப் பார்த்தார்கள். நூறாக்கினார், டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஊர் முழுக்க இதைப் பேசினால் சார் ஒரு நாள் ஒத்துக்கொண்டுதானே தீர வேண்டும் என்பது அவர் கணக்கு. வருஷம் ஏற ஏற நாயும் ஏறியது. ஊர் முழுக்கப் பேசத்தான் செய்தது. ஆனால் மீரானின் நாய்களைப் பற்றித்தான் பேசியது.

ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சல்மா கேட்டாள். "அத்தா, நாயைக் கொறச்சுச் சொல்லுங்களேன்."

"ஏம்மா?"

"முந்நூறு நாய்ன்னா பொய்யின்னு சார் சொல்லிர்றாரு. ஒரு பத்து நாய்ன்னா ஒருவேள முழிப்பாரு."

அவள் சொன்னதைக் கேட்டு மறுநாள் டீக்கடையில் ஒரே ஒரு நாயோடு கதையைச் சொல்லிப் பார்த்தார். "என்ன பாய், நாய் தொரத்துறது ஒரு சங்கதியா. ஒடம்புக்கு முடியலையா?" என்றார்கள். அன்று சாயங்காலமே முந்நூறையும் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். தனியாக இருக்கும்போது யோசித்தால் அவருக்கே உண்மையான எண்ணிக்கை நினைவில் இல்லை. உள்பக்கப் பூச்சு மட்டும் நினைவிருந்தது.

எட்டு வருஷம் போனது. சல்மாவுக்குப் பதினெட்டு. நத்தத்தில் புளி வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தில் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரி. இரண்டாவது கல்யாணம், மூத்த தாரத்துப் பிள்ளைகள் இரண்டு. குர்ஷித் பேகம் நல்ல இடம் என்றாள். சல்மாவுக்கு விஷயம் கடைசியில்தான் வந்தது. அவளை யாரும் கேட்கவில்லை.

நிக்காஹுக்கு முதல் நாள் பகலில், பந்தலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து சல்மா கல்யாணத்துக்கு வருகிற பிள்ளைகளுக்குக் காகிதத் தொப்பிகள் செய்துகொண்டிருந்தாள். அதே மலை மலையான விளிம்பு, சுருட்டிய ரோஜா. சுற்றிலும் ஒரு பட்டாளம் சிறுசுகள் கத்தரிக்கோலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கல்யாணப் பெண் வேலை செய்யக் கூடாது என்று சொல்லிப் பார்த்துத் தோற்ற குர்ஷித், உள்ளே மசாலாவைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் சார் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம். அன்று போன முடி பழைய அலையாகத் திரும்பவே இல்லை. காதோரம் கொஞ்சம் பஞ்சு, அவ்வளவுதான். நாளைக்கு மதுரையில் ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்லப் போகிறேன், வர முடியாது, அதனால் இன்றைக்கே என்று ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை நீட்டினார். மீரான் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். என்ன சாப்பிடுறிய? பிரியாணிக்கு ஆடு பதினெட்டு வந்திருக்கு." ஆடு இரண்டுதான் வந்திருந்தது; பின்னால் கட்டியிருந்தது, கத்திக்கொண்டும் இருந்தது.

"அம்புட்டு ஆட்டுக்கும் சேத்து ரெண்டே தொண்டையா பாய்" என்றார் சார்.

அப்போது ஒரு பொடிசு நாற்காலிக்குப் பின்னால் ஏறி, ஒட்டி முடித்த தொப்பி ஒன்றை அவர் தலையில் கவிழ்த்தது. ஸ்தனிஸ்லாஸ் சார் அலறவில்லை. ஆனால் இரண்டு கையும் பறந்து போய்த் தொப்பியைப் பிடித்துக்கொண்டன. மூச்சைப் பிடித்துக்கொண்டு, எழுந்து ஓடலாமா என்று தெருவை ஒருமுறை பார்த்தார். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. அது இவரைச் சட்டை பண்ணவில்லை.

மீரான் எட்டு வருஷமாக இந்த நிமிஷத்துக்காகத்தான் தொண்டையைத் தீட்டி வைத்திருந்தார். இப்போது பார்த்து தூக்குவாளியின் மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

சல்மாதான் எழுந்து வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "பயப்படாதிய சார். இது மைதா. இந்தா பாருங்க" என்று சுலபமாக எடுத்துக் காட்டினாள். பஞ்சு முடி ஒன்றுகூட ஒட்டவில்லை.

சார் தொப்பியை வாங்கி உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார்.

"அன்னைக்கும் நான் ஓரத்துல மட்டுந்தான் சார் வச்சேன். உள்ள பூசுனது அத்தா" என்றாள் சல்மா. கோபமாக இல்லை, வருத்தமாகவும் இல்லை. கத்தரிக்கோல் எங்கே என்று கேட்பது மாதிரி சொன்னாள்.

மீரான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். இவளுக்கு எப்போது தெரியும், எத்தனை வருஷமாகத் தெரியும் என்று அவளையே பார்த்தார். அவள் அதற்குள் பாயில் போய் உட்கார்ந்து அடுத்த அட்டையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இந்நேரம் நத்தத்தில் இருப்பாள். விடுதிப் பள்ளியில் அந்த இடத்தில் யாரோ ஒரு பெண் படித்து முடித்து வெளியேயும் வந்திருப்பாள்.

ஸ்தனிஸ்லாஸ் சார் தொப்பியை மடியில் வைத்தார். பிறகு மூக்குப்பொடி டப்பாவை எடுத்து, திறக்காமலே திரும்பப் பைக்குள் போட்டார்.

"முந்நூறு நாய் கெடையாது பாய்" என்றார். மீரானை விட்டுவிட்டு சல்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஆனா கிரீடம் இருந்துச்சும்மா. ஒட்டுச்சு. நெசந்தான்."